மேசைக்குப் பதில் ஒரு காளை

வணக்கம் மேடம்,

படைப்பாளிப் பெண்களின் உருவப்படங்களில் வரும் விலங்குகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ குரங்குகளோடு இருக்கும் ஓவியங்களைப் பார்த்தாலே எனக்கு மனம் கனத்துவிடும். பிள்ளையில்லாத குறையைத்தானே அவற்றை வைத்துத் தீர்த்துக்கொண்டார்? ஆங்கில நாவலாசிரியர் எமிலி பிராண்டே, கவிஞர் எலிசபெத் பேரட் வளர்த்த நாய்களும் தனிமைக்கு வந்த துணைதானே? இதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

மறந்துபோய் விடவில்லை, சொல்லப் பிடிக்காமல்தான் விட்டேன். ஓர் ஆண் நாயோடு படத்துக்கு நின்றால் அவருக்கு நாய் பிடிக்கும்போல என்று நகர்ந்துவிடுகிறோம். பெண் நின்றால் மட்டும் அவளுக்கு என்ன குறை என்று துருவ ஆரம்பித்துவிடுகிறோம்.

விலங்குகளை வரைந்த பிரெஞ்சு ஓவியர் ரோசா போனரைப் பாருங்கள். 1857இல் எதுவார் துபூஃப் அவரை வரைந்தபோது, ஒரு மேசையில் சாய்ந்து நிற்பதுபோல அமைத்திருந்தார். போனருக்கு அந்த மேசை சலிப்பாக இருந்தது. அது இருந்த இடத்தில் தானே ஒரு காளையை வரைந்துவிட்டார்! பக்கத்துத் தோழியின் தோளில் கை போடுவதுபோல அவர் கை அதன்மேல் கிடக்கிறது. இதில் ஏக்கம் எங்கே இருக்கிறது? அது அவருடைய தொழில். விலங்கின் உடலைக் கற்றுக்கொள்ளக் குதிரைச் சந்தைக்கும் இறைச்சிக் கூடங்களுக்கும் போனவர் அவர். அங்கே பாவாடையோடு நடமாட முடியாது என்பதால் கால்சட்டை போட்டுக்கொள்ள பாரிஸ் போலீஸிடம் அனுமதிச் சீட்டு வாங்கினார். அந்தச் சந்தையை வரைந்த ஓவியம் ஐந்து மீட்டர் அகலம். பிற்பாடு வீட்டில் பெண் சிங்கமும் வளர்த்தார். சிங்கத்தை எந்தக் குறைக்கு ஈடாக வைப்பீர்கள்?

சரி, ஃப்ரீடா. உங்கள் பேச்சில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1932இல் டெட்ராய்ட்டில் கரு கலைந்ததை அவரே வரைந்திருக்கிறார். வலியை மறைத்துவைத்த ஆள் இல்லை. ஆனால் 1940இல் வரைந்த, கழுத்தில் முள்மாலையோடு இருக்கும் தன்னுருவப் படத்தை ஒருமுறை கிட்டப்போய்ப் பாருங்கள். ஒரு தோளுக்குப் பின்னால் கறுப்புப் பூனை, இன்னொரு தோளில் குரங்கு. குரங்கின் விரல்கள் அந்த முள்ளைப் பிடித்திருக்கின்றன. கழுத்தில் சொட்டுச் சொட்டாக ரத்தம். முள்ளை எடுக்கப் பார்க்கிறதா, விளையாட்டாக இழுத்து இன்னும் ஆழமாகக் குத்தவைக்கிறதா? எத்தனை தடவை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. குரங்கோடு பழகியவர்களுக்குத் தெரியும், அது இரண்டையும் செய்யும். 'பிள்ளைக்குப் பதில்' என்று சீட்டு ஒட்டிவிட்டால் அந்த விரல்களைப் பார்க்காமலே போய்விடுவோம்.

எமிலிக்கும் இதே கதைதான். தன் நாய் கீப்பரை 1838இல் அவரே நீர்வண்ணத்தில் வரைந்தார். படுக்கையில் ஏறிப் படுத்த குற்றத்துக்காக அதன் முகத்தில் முஷ்டியால் குத்திவிட்டு, வீங்கிய கண்களுக்கு அவரே ஒத்தடமும் கொடுத்தார் என்று எழுத்தாளர் எலிசபெத் காஸ்கெல் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தச் சம்பவம் பிடிக்கவில்லை. ஆனால் தனிமைக்கு வந்த சாதுவான துணை என்ற சித்திரத்துக்குள் அது அடங்கவும் இல்லை.

எலிசபெத் பேரட் தனிமையில் இருந்தார் என்பது உண்மை. நோயாளி, அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். 1846இல் அவருடைய நாய் ஃப்ளஷ்ஷை நாய்த் திருடர்கள் மூன்றாம் முறையாகத் தூக்கிப் போய்விட்டார்கள். அப்பாவும் பணம் கொடுக்காதே என்றார், காதலர் ராபர்ட் பிரௌனிங்கும் அதையேதான் சொன்னார். எலிசபெத் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. வண்டி பிடித்துத் திருடர்கள் இருந்த பகுதிக்கே போய்விட்டார். நாய் திரும்பி வந்தது. அடுத்த சில நாளிலேயே அப்பாவுக்குத் தெரியாமல் பிரௌனிங்கைக் கல்யாணம் செய்துகொண்டு, கொஞ்ச நாளில் நாட்டை விட்டும் கிளம்பிவிட்டார், நாயையும் கூட்டிக்கொண்டு. அறைக்குள் துணையாக இருக்க வந்த நாய் அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தது என்றுதான் நான் படிக்கிறேன். ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1933இல் இதை நாயின் பக்கமிருந்தே எழுதிப் பார்த்தார்.

நாம் அந்தப் பக்கம் போவதே இல்லை பாருங்கள். விலங்கு அவளுக்கு என்னவாக இருந்தது என்பதையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்திக் கவிஞர் மகாதேவி வர்மா கில்லு என்ற அணிலைப் பற்றி எழுதியிருக்கிறார். காக்கைகள் கொத்திக் குற்றுயிராகக் கிடந்த குஞ்சு, அவர் எடுத்து வளர்த்தது. அதற்கு முந்திரி என்றால் உயிர். ஒரு விபத்தில் அடிபட்டு அவர் சில நாள் மருத்துவமனையில் இருந்தார். திரும்பி வந்த பிறகு கில்லுவின் ஊஞ்சலைச் சுத்தம் செய்தபோது, தின்னாமல் விட்ட முந்திரிகள் அதில் நிறையக் கிடந்தனவாம்.