அருவிக்குத் தனிப் பயணம்

கேள்வி: கிளிநொச்சியிலிருந்து 125 சிசி மோட்டார் சைக்கிளில் தனியே மாத்தளை மாவட்டத்துச் சேர எல்ல அருவிக்குப் போக விருப்பம். என்ன கவனிக்க வேணும்?

பதில்: ஏ9 வீதியே மாத்தளை வரை கொண்டுபோய் விடும். சிக்கல் மலை இறக்கத்தில்தான். வன்னிச் சமதரையில் ஓடிப் பழகியவர்கள் இறக்கம் முழுக்கப் பிறேக்கை மிதித்தபடியே வருவார்கள். பின்சில்லு டிரம் பிறேக் சூடேறினால் உள்ளே உராயும் லைனிங் பிடிக்காது. மிதித்தாலும் வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கிளச்சைப் பிடித்து உருள விடாதீர்கள், பிறேக்கை விட்டு விட்டு, இடையிடையே பிடியுங்கள்.

செயின் தொய்வு நடுவில் 20–30 மில்லிமீற்றர் இருக்கட்டும். ரியூப் ரயர் என்றால் உதிரி ரியூப், ரயர் கழற்றும் லீவர் இரண்டு, சில்லைக் கழற்றும் அச்சுச் சாவி, கைப்பம்ப் வேணும். வால்வடியில் கிழிந்தால் ஒட்டு உதவாது. பெற்றோலை மாத்தளையில் நிரப்புங்கள்.

அருவிக்குப் பின்னால் போகும் பாறை வழி வழுக்கும், செருப்பு சரிவராது. அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசலாம். தண்ணீர் கலங்கி இலைகுழை அடித்து வந்தால் மேலே மழை, உடனே கரையேறுங்கள். டிசம்பர், ஜனவரி வேண்டாம்.

ஒரே நாளில் திரும்ப நினைப்பது வீண் வீம்பு. இரவில் வன்னி வீதியில் மாடுகள் படுத்திருக்கும். அதுகள் ஹோனுக்கு எழும்பாது.