பூவும் பொட்டும் இல்லாத ஒரு படம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு குடும்பத்தோடு புராணா கிலாவுக்குப் போயிருந்தோம். வெளிநாடுகளிலிருந்து மீட்டு வந்த சிலைகளைத் தொல்லியல் துறை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறது. நம்மூர் ஐம்பொன் திருமேனிகள் பூவும் பொட்டும் இல்லாமல் நிற்பதைப் பார்த்து என் மாமியார் அழுதுவிட்டார். 1970லேயே யுனெஸ்கோ ஒப்பந்தம் போட்டும் வெளிநாட்டு மியூசியங்கள் ஏன் இன்னும் முரண்டு பிடிக்கின்றன? வந்ததையாவது கோயிலுக்குத் தராமல் தில்லியில் வைத்திருப்பது ஏன்? மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் பங்காளிகள் முறைவைத்து நடத்தும் சிவன் கோயிலில் ஆறு உற்சவர்கள் உண்டு. நினைத்தாலே பகீரென்கிறது. இங்குள்ள தமிழர்களிடம் கையெழுத்து வாங்கி யுனெஸ்கோவுக்கு மனு அனுப்பலாமா?

சங்கரி, மயூர் விஹார், தில்லி

அன்புள்ள சங்கரி,

மனு வேண்டாம். சிலை மீட்புச் செய்தி ஒவ்வொன்றையும் படிக்கும்போது தலையில் ஓடுவது ஒரே கேள்விதான். உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது. அந்த ஆறு உற்சவர்களுக்கும் பூவும் பொட்டும் இல்லாத படம் ஒன்றாவது இருக்கிறதா?

இருக்காது. கல்யாண உற்சவத்தில் எடுத்த படம் இருக்கும். பட்டு, கவசம், ஆளுயர மாலை, நடுவில் இரண்டு விரற்கடை முகம். அதை வைத்துக்கொண்டு எந்த ஊர் நீதிமன்றத்திலும் ஒன்றும் பேச முடியாது.

நீங்கள் சொன்ன யுனெஸ்கோ ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மியூசியத்திலிருந்தோ கோயிலிலிருந்தோ திருடிய பொருளை இறக்குமதி செய்யத் தடை உண்டு. ஆனால் அந்தப் பொருள் அந்த இடத்தின் பதிவேட்டில் இருந்ததற்கு ஆவணம் வேண்டும். திருப்பிக் கேட்கிற நாடே தன் செலவில் ஆதாரத்தைக் கொண்டுவர வேண்டும். தெரியாமல் வாங்கியவருக்கு நியாயமான ஈடு கொடு என்றும் இருக்கிறது. அந்த ஈட்டுத் தகராறுக்குள் இப்போது போகவில்லை, அது வக்கீல்கள் பாடு. நமக்கு வேண்டியது பதிவேடு. நம் கோயில் பதிவேடுகளில் என்ன இருக்கும்? ‘அம்மன் ஒன்று, ஐம்பொன், உயரம் சுமார் இரண்டடி.’ காணாமல் போனதும் அதே வரி எஃப்ஐஆருக்குப் போகும். இரண்டடி அம்மன்கள் காவிரிக்கரையில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

பத்தூர் நடராஜர் வழக்கைப் பாருங்கள். 1976ல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து லண்டன் வரை போய்விட்டவர். புதைந்து கிடந்ததால் முன்பு எடுத்த படம் கிடையாது. ஒட்டியிருந்த மண், கரையான் தடம், அதே இடத்தில் பிறகு கிடைத்த மற்றச் சிலைகள் என்று ஒவ்வொன்றாக நிபுணர்களை வைத்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கோயிலே வழக்காடியாக நின்றது. 1988ல் தீர்ப்பு, 1991ல்தான் இந்தியா திரும்பினார்.

இன்னொரு பக்கம் ஸ்ரீபுரந்தான் நடராஜர். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. கூடவே வந்தது போலிக் கைமாற்றுப் பத்திரம். அதைக் கவிழ்த்தது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994ல் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த படம். 2014ல் அந்நாட்டுப் பிரதமர் தில்லிக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

திருமங்கையாழ்வார் கதை இதைவிடக் கூர்மை. ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் மியூசியம் அவரை ஏலத்தில் வாங்கியது 1967ல். ஒப்பந்தம் வந்தது 1970ல், பிரிட்டன் அதில் சேர்ந்ததோ 2002ல். பின்னோக்கிச் செல்லாத ஒப்பந்தம் அவரைத் தொடவே முடியாது. ஆனால் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுந்தரப்பெருமாள் கோயிலில் 1957ல் எடுத்த படம் அதே பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்தது. 2024ல் பல்கலைக்கழகம் திருப்பித் தரச் சம்மதித்தது. சட்டம் போகாத இடத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போயிருக்கிறது. நீங்கள் யுனெஸ்கோவுக்கு மனு எழுதுகிறேன் என்கிறீர்கள்!

2024 ஜூலையில் தில்லியில் அமெரிக்காவோடு கையெழுத்தான கலைப்பொருள் ஒப்பந்தம் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். நல்லதுதான். புதிதாக வந்து இறங்கும் சரக்கை அமெரிக்கச் சுங்கம் நிறுத்தலாம். ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்திருப்பவற்றுக்குப் பழையபடி நாம்தான் ஆதாரம் தேட வேண்டும்.

மீண்டு வந்தவை தில்லியில் ஏன் என்றால், கோயில் தெரிந்தவை வழக்குச் சொத்தாகத் தமிழ்நாட்டு நீதிமன்றத்துக்குப் போகும். எந்தக் கோயில் என்று தெரியாதவற்றை எங்கே அனுப்புவது? உங்கள் மாமியார் பார்த்து அழுத சிலைகளில் சில இந்த வகையாக இருக்கும். படம் இல்லாதவர்கள் மீண்டு வந்தும் அநாதைகள்.

இனி வேலை. அபிஷேகம் முடிந்து ஈரம் ஒற்றிய பிறகு, அலங்காரத்துக்கு முன் கால் மணி நேரம் கேளுங்கள். குருக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சந்தனம், விபூதி எதுவும் இருக்கக் கூடாது. அதற்காகப் புளி போட்டுத் தேய்க்கவும் கூடாது, பச்சைக் களிம்பும் கறையும் அடையாளங்கள். பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஐம்பொன்னில் பட்டு வெள்ளைத் திட்டாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சம் போதும். நின்றவாக்கில் மேலிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுத்து அளவு விகாரமாகும், நிபுணர் ஒப்பிடுவது அந்த விகிதத்தைத்தான். சிலையின் இடுப்பு மட்டத்துக்கு கேமராவை இறக்குங்கள். நாணயத்தை வைத்து அளவு காட்டாதீர்கள், சென்டிமீட்டர் ஸ்கேலைச் சிலையை ஒட்டி அதே தளத்தில் நிறுத்துங்கள்.

முன், பின், இரு பக்கம் எடுத்த பிறகுதான் முக்கியமானது. முதுகுப்புறம். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், சடை விழும் விதம், தண்டு கோக்கப் பீடத்தில் உள்ள துளை, எழுத்து இருந்தால் எழுத்து. சிலையைச் சுற்றி வளைவாக நிற்கும் திருவாசியைத் தனியாக எடுங்கள், அதுதான் முதலில் பிரிந்து போகும். மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு கருவையும், அதாவது மண் அச்சையும், உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார்கள், ஆகவே இரண்டு சிலைகள் அச்சாக ஒன்றாக வராது. உலோகம் ஓடாமல் விழுந்த குழி, ஒட்டுப்போட்ட இடம், முனை தேய்ந்த விரல், இவற்றையெல்லாம் கிட்டே போய் எடுங்கள். உயரத்தையும் எடையையும் நகல் செய்பவன் கொண்டுவந்துவிடுவான். குழியை அதே இடத்தில் கொண்டுவருவது கடினம். சிவபுரம் நடராஜரை 1954ல் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள், திரும்பி வந்தது நகல். பூஜையும் நகலுக்கு நடந்தது. அசலை 1973ல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் கலை அமைப்பு 9 லட்சம் டாலருக்கு வாங்கியது, 1986ல்தான் இந்தியா வந்தது.

பீடத்தோடு உயரம், பீடம் இல்லாமல் உயரம், பீடத்தின் நீளம் அகலம், இரண்டு முழங்கைகளுக்கும் இடையிலான அகலம். எல்லாம் சென்டிமீட்டரில். படத்தை வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கி, எடுத்த நாளையும் துடைத்துவிடும். அசல் கோப்பு கோயிலில் ஒன்று, ஊருக்கு வெளியே ஒன்று. 100 ஆண்டு தாண்டியவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் படத்தோடு விண்ணப்பிக்கலாம்.

தயவுசெய்து ஃபேஸ்புக்கில் ஊர்ப்பெயரோடு போடாதீர்கள். நீங்கள் பெருமைக்குப் போடுவது திருடனுக்கு விலைப்பட்டியல்.

பங்காளிகளில் ஒருவர் ‘விக்கிரகத்தை அலங்காரம் இல்லாமல் படம் எடுப்பதாவது’ என்பார், கட்டாயம் ஒருவர் சொல்வார். அவரோடு வாதாடாமல் உங்கள் மாமியாரைப் பேசவிடுங்கள், புராணா கிலாவில் பார்த்ததை அவரே சொல்லட்டும். அளவு எடுக்கும்போது இரும்பு நாடா வேண்டாம், கீறும். தையற்கார நாடாவைக் குருக்கள் பிடிக்கட்டும். நீங்கள் எண்ணை வாசித்து எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்