வயிற்றுவலி என்று வரும் பிள்ளை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் எல்லோரும் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள், அல்லது பார்க்க விரும்புபவர்கள். பிள்ளைகளின் மனநலம் பற்றி எங்கே கற்றுக்கொள்வது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே என் பதில்.

மண்டபம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை வயிற்றுவலி என்று அவன் அம்மா திரும்பத் திரும்பக் கூட்டி வருகிறார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அவன் அப்பா விசைப்படகில் போய் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு இன்னும் திரும்பவில்லை. பையன் என்னிடம் வாயே திறப்பதில்லை. எம்.பி.பி.எஸ்.ஸில் மனநலம் படித்தது கொஞ்ச நாள்தான். வேலையை விடாமல் எங்கே பயிற்சி எடுக்கலாம், மேடம்?

தம்பி, முதலில் ஒன்று. அந்தப் பையனின் வலி பொய் இல்லை. "ஸ்கேனில் ஒன்றும் இல்லை, இவன் நடிக்கிறான்" என்று அவன் காதுபட யாராவது சொல்லியிருந்தால் அவன் வாயை மூடிக்கொள்ளத்தான் செய்வான். பிள்ளைகளுக்குக் கவலையும் மனச்சோர்வும் வந்தால் வயிற்றுவலி, தலைவலி, எரிச்சல், பள்ளிக்குப் போக மறுப்பது என்றுதான் பெரும்பாலும் வெளியே தெரியும். மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் ஓ.பி. சீட்டு வாங்க மாட்டான்.

அடுத்த முறை ஓ.பி. கூட்டம் கலைந்த பிறகு வரச் சொல்லுங்கள். "தம்பியிடம் பத்து நிமிஷம் தனியாகப் பேசுகிறேன், அப்புறம் உங்களிடமும் பேசுகிறேன்" என்று அவன் கேட்கும்படியே அம்மாவிடம் சொல்லுங்கள். கதவு திறந்திருக்கட்டும், நர்ஸ் கண்ணில் படும் தூரத்தில் இருக்கட்டும். மேசைக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். எடுத்த எடுப்பிலேயே அப்பாவைப் பற்றிக் கேட்காதீர்கள். வீட்டில் யார் யார், ராத்திரி யார் பக்கத்தில் படுக்கிறான், எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது, மதியம் யாரோடு சாப்பிடுகிறான், ஞாயிற்றுக்கிழமையும் வலிக்கிறதா, இல்லை பள்ளி நாளில் மட்டும்தானா என்று வெளியிலிருந்து மெல்ல உள்ளே வாருங்கள். வளரிளம் பிள்ளைகளிடம் பேச ஹெட்ஸ் என்று ஒரு கேள்வி வரிசை இருக்கிறது: வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, போதைப் பழக்கம், பாலியல், தற்கொலை எண்ணம். சுலபமானதில் தொடங்கிக் கடினமானதுக்குப் போகும்படி அமைந்தது, மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

பேச்சு வரவில்லை என்றால் ஒரு தாளைக் கொடுத்து, "உங்க படகை வரைஞ்சு காட்டுப்பா" என்று சொல்லிப் பாருங்கள். எஞ்சின் எங்கே, ஐஸ் பெட்டி எங்கே, வலை எங்கே என்று அவனே சொல்லிக்கொண்டு வருவான், அப்பா எங்கே நிற்பார் என்பதும் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். அப்படி வந்தால் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லி அடைத்துவிடாதீர்கள். "அப்பா வர்ற வரைக்கும் வீட்டுக்கு ஆம்பளை நீதான்" என்று உறவினர்கள் சொல்லியிருப்பார்கள், குழுக் கடன் கேட்டு வாசலில் ஆள் வந்து நின்றிருப்பார்கள், அம்மாவைத் தனியாக விட்டுப் பள்ளிக்குப் போகவே அவனுக்குப் பயமாக இருக்கலாம். காலையில் மட்டும் வரும் வயிற்றுவலிக்கு இந்தக் கடற்கரையில் இப்படி ஒரு காரணம் இருப்பது அபூர்வமே இல்லை.

செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்பதையும் நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பல டாக்டர்கள் பயப்படுகிறார்கள், ஆனால் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆம் என்று தலையாட்டினால் அன்றைக்கே அம்மாவிடம் பேசி, வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை, கயிறு எட்டாத இடத்துக்குப் போகிறதா என்று பார்த்து, மனநல மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக எழுத வேண்டாம். இந்த மாத்திரைகளைத் தொடங்கும் பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருந்துக் குறிப்பில் கருப்புக் கட்டம் போட்டு எச்சரிக்க வைத்தது. மாத்திரையே கூடாது என்பதில்லை, தொடங்கினால் முதல் வாரங்களில் அடிக்கடி பார்க்க ஆள் வேண்டும், அதுதான் விஷயம்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸின் டிஜிட்டல் அகாடமி மருத்துவ அலுவலர், நர்ஸ், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இணையவழிப் பயிற்சி நடத்துகிறது, வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் எம்.எச்.கேப் கையேடு மனநல நிபுணர் அல்லாத டாக்டர்களுக்காகவே எழுதப்பட்டது, 2016இல் வந்த பதிப்பில் பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பகுதி இருக்கிறது. குழந்தை மனநல மருத்துவர்களின் சர்வதேச அமைப்பான ஐயகபாப் ஒரு முழுப் பாடநூலை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பிள்ளையின் மனநிலையையும் நடத்தையையும் பற்றி 25 கேள்விகள் கொண்ட எஸ்.டி.க்யூ. படிவம் தமிழிலும் கிடைக்கிறது, அம்மாவிடம் ஒன்று, வகுப்பாசிரியரிடம் ஒன்று கொடுத்து வாங்கினால் இரண்டு பேரும் ஒரே பையனைத்தான் பார்க்கிறார்களா என்பது தெரியும்.

ஆனால் தம்பி, இவை அனைத்தும் சேர்ந்தாலும் பாதிதான். மீதிப் பாதி, நீங்கள் பார்த்த கேஸை உங்களைவிட அனுபவமுள்ள ஒருவர் முன்னால் வைத்து, "நான் இப்படிக் கேட்டேன், அவன் இப்படிச் சொன்னான், அப்புறம் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை" என்று பேசுவது. வீடியோ பார்த்து நீச்சல் கற்றவரைக் கடலில் இறக்கிவிட முடியுமா? உங்கள் மாவட்டத்தில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் இருப்பார். அவரைப் போய்ப் பார்த்து, வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம், போனிலாவது, பெயர் சொல்லாமல் இரண்டு கேஸ் பேச நேரம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். எத்தனை சான்றிதழ் வாங்கினாலும் இந்த அரை மணி நேரம் இல்லாவிட்டால் பயிற்சி உள்ளே இறங்காது.

கீழக்கரையில் இருக்கிறேன், எம்.எஸ்ஸி. உளவியல் முடித்திருக்கிறேன். மூன்று நாள் ஆன்லைன் வகுப்பில் "குழந்தை உளவியல் நிபுணர்" என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வைத்து சென்டர் தொடங்கலாமா, மேடம்? எங்கள் ஊரில் அப்பாக்கள் வளைகுடாவில், பிள்ளைகளுக்குப் பேச ஆளே இல்லை.

தேவை இருக்கிறது என்று நீங்கள் சொல்வது நூறு சதவீதம் உண்மைம்மா. ஆனால் அந்தச் சான்றிதழைப் பலகையில் எழுதாதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு மன்றத்தின், அதாவது ஆர்.சி.ஐ.யின், பதிவு வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தத் தகுதியைச் சொல்லும்போதே இரண்டு வருட முழுநேரப் படிப்பு, அதோடு மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த பயிற்சி என்று சேர்த்தே சொல்கிறது. மேற்பார்வை என்ற அந்த ஒன்றைத்தான் மூன்று நாள் வகுப்பு தர முடியாது. படிப்புகளின் பெயரும் அமைப்பும் மாறிக்கொண்டிருக்கின்றன, அதனால் சேரும் வருடத்தில் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த கல்லூரிகளின் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளியில் ஆலோசகராகச் சேருங்கள், ஒரு மூத்தவரிடம் வாரம் ஒரு முறை கேஸ் பேசுங்கள், எதை நீங்கள் பார்க்கக் கூடாது என்பதற்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளை உங்களிடம் வந்தால் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அரசு மருத்துவமனையோடு இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புங்கள், காது கேட்கிறதா என்பதிலிருந்து பார்ப்பார்கள். அந்த வயதில் போகிற ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளைக்கு நஷ்டம்.

தொண்டி பக்கம் ஸ்டாஃப் நர்ஸ். ஊசி போட வந்த பத்தாம் வகுப்புப் பெண், உறவினர் ஒருவர் தப்பாகத் தொடுகிறார் என்று என்னிடம் சொன்னாள். யாரிடமும் சொல்லாதீங்க அக்கா என்று அழுகிறாள். எனக்கு இதில் பயிற்சியே கொடுக்கவில்லை.

சகோதரி, உங்களை நம்பி அவள் சொல்லியிருக்கிறாள், நீங்களும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள், பாதி வேலை அங்கேயே நடந்துவிட்டது. ஆனால் இதை ரகசியமாக வைக்க முடியாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும், டாக்டருக்கோ நர்ஸுக்கோ விலக்கு இல்லை, மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை. இன்றைக்கே உங்கள் மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தால் அடுத்து என்ன என்று வழிகாட்டுவார்கள்.

அவளுக்குத் தெரியாமல் அவள் முதுகுக்குப் பின்னால் மட்டும் செய்யாதீர்கள். "நீ சொன்னது சரி, உன் மேல தப்பு இல்ல, உன்னைப் பாதுகாக்க நான் இன்னும் ரெண்டு பேர்கிட்ட சொல்லியாகணும், யார்கிட்ட சொல்றேன்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று அவளிடம் பேசுங்கள். எத்தனை தடவை, எப்படி, எங்கே என்று நீங்கள் துருவ வேண்டாம், அவள் சொன்னதை அவள் வார்த்தைகளிலேயே எழுதி வையுங்கள், தேதியும் நேரமும் போட்டு. ஒரே கதையை ஐந்து பேர் ஐந்து முறை கேட்பது அந்தப் பிள்ளையை இன்னொரு முறை காயப்படுத்துவது. மருத்துவப் பரிசோதனை தேவைப்பட்டால் பெண் டாக்டர்தான் செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இதற்கென்றே பயிற்சி உண்டு. நிமான்ஸில் சம்வாத் என்ற பிரிவு, நெருக்கடியில் இருக்கும் பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. உங்கள் நிலையத்திலிருந்து நர்ஸ்களுக்கும் இடம் கேட்டு எழுதுங்கள். டாக்டரிடம் சொல்லாததை ஊசி போடும் அக்காவிடம் சொல்லும் பிள்ளைகள் அதிகம், அதனால் இந்தப் பயிற்சிக்கு முதலில் போக வேண்டியவர்கள் நர்ஸ்கள் என்பது என் உறுதியான கருத்து.

ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன். வலிப்பு, பயம் என்று வரும் பிள்ளைகளின் குடும்பங்கள் பாதிப் பேர் ஏர்வாடி தர்காவுக்கும் போகிறார்கள். போகாதீர்கள் என்று கண்டித்துச் சொல்லலாமா? அப்புறம், குழந்தை மனநலத்தையே மேற்படிப்பாக எடுக்க என்ன வழி?

கண்டித்தால் தர்காவுக்குப் போவதை நிறுத்த மாட்டார்கள், உங்களிடம் வருவதைத்தான் நிறுத்துவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கோபம் சங்கிலி மேல், காசுக்காகக் கட்டிப் போட்டவர்கள் மேல், தொழுகை மேல் இல்லை. அதே ஏர்வாடியில் பின்னால் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கட்டும் என்று தவா-துவா திட்டம் வந்தது, தர்கா பக்கத்திலேயே டாக்டர் உட்கார்ந்து பார்த்தார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள்: அங்கே என்ன செய்தார்கள், கட்டினார்களா, அடித்தார்களா, பட்டினி போட்டார்களா, வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா. இந்த நான்குக்கும் இல்லை என்று பதில் வந்தால் போய் வரட்டும், மாத்திரை மட்டும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

மேற்படிப்புக்கு, முதலில் எம்.டி. மனநல மருத்துவம் மூன்று வருடம், அதன்மேல் குழந்தை மற்றும் வளரிளம் பருவ மனநலத்தில் டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பு மூன்று வருடம், நிமான்ஸில் இருக்கிறது. இடங்கள் குறைவு, அதனால் கிடைக்கும்வரை காத்திருக்காமல் எம்.டி. படிக்கும்போதே குழந்தைகள் பிரிவில் கூடுதல் போஸ்டிங் கேட்டு வாங்குங்கள். படித்து முடித்து இந்தப் பக்கம் திரும்பி வருவதாக இருந்தால் எழுதுங்கள். மண்டபத்து டாக்டர் தம்பிக்கு வாரம் அரை மணி நேரம் கேஸ் பேச ஆள் தேவைப்படும்.