ராத்திரி மூணு மணிக்கு உங்க டேங்க் எப்படி இருக்குது?

கேள்வி: அண்ணா, நான் நானுஓயா பக்கம். 3 அடி கடல் தண்ணி டேங்க் வச்சு நாலு மாசம் ஆகுது, கல்லும் ரெண்டு க்ளவுன் மீனும் இருக்கு. ரெண்டு கிழமைக்கு முந்தி கொழும்புல ஒரு பபிள் டிப் அனிமோன் (பூ மாதிரி விரியுற கடல் உயிர்) வாங்கினேன். காலையில பொத்தின கை மாதிரி சுருங்கிக் கிடக்கு, பகல்ல பாதிதான் விரியுது, நிறமும் வெளுத்துட்டு வருது, ரெண்டு தரம் இடம் மாறிருச்சு. தண்ணி சீக்கிரம் குறையுதுன்னு ரெண்டு நாளைக்கு ஒருக்கா உப்புத் தண்ணி கலந்து ஊத்துறேன், கடை உப்பு முடிஞ்சதால போன தரம் கல்லுப்புதான் போட்டேன். மீன் கடைக்காரர் லைட் பத்தாதுங்கிறார், மீனோட வெள்ளைப் புள்ளிக்கு ஒரு மருந்தும் தந்தார். க்ளவுன் மீன் அனிமோன் பக்கமே போகுதில்ல. அம்மா வேற அதுல கை வைக்காத கடிக்கும்ங்கிறாங்க. என்ன செய்ய?

பதில்: தம்பி, இப்போதைக்கு லைட்டுக்கு காசு செலவழிக்காதீங்க. அலாரம் வச்சு ராத்திரி மூணு மணிக்கு எழும்பி, கம்பளியப் போத்திக்கிட்டுப் போய் டேங்க் தெர்மாமீட்டரப் பாருங்க. பகல்ல 26 காட்டுறது அந்நேரம் 21, 22ன்னு நின்னா உங்க அனிமோனோட நோய் என்னன்னு தெரிஞ்சிரும். கொழும்புல இதே டேங்க் வச்சிருக்கிறவங்க சூட்டுக்குப் பயந்து தண்ணியக் குளிராக்குற சில்லர் வாங்குறாங்க, நம்ம பாடு தலைகீழ். புத்தகம், வீடியோ எல்லாம் கீழ்நாட்டு வீட்டுக்கு எழுதினது, அதுல இருக்கிற ஹீட்டர் கணக்க அப்படியே இங்க போட்டா பனி மாசத்துல அறை 12 டிகிரிக்கு இறங்குறப்போ ஒரு 100 வோட் ஹீட்டர் விடிய விடிய எரிஞ்சும் தாங்காது. அனிமோனுக்கு 25, 26 போதும், ஆனா அது ராவும் பகலும் ஒண்ணா இருக்கணும், ஏறி இறங்குனா 25க்கும் பிரயோசனம் இல்ல. ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதிலா 150 வோட்ல ரெண்டு போடுங்க, ஒண்ணு செத்தாலும் மத்தது தாங்கும், ஒண்ணு ஓஃப் ஆகாம மாட்டிக்கிட்டாலும் டேங்க் வெந்து போகாது. பின்பக்கமும் ரெண்டு பக்கமும் ரெஜிபோம் (தெர்மோகோல்) வெட்டி ஒட்டுங்க. பார்க்க அழகில்லதான், ஆனா கரண்ட் பில்லும் குறையும், 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின மாதிரி ஒரு நாள் வந்தா அந்த ரெஜிபோமும் மேல போடுற ஒரு கம்பளியும் பெட்டரியில ஓடுற சின்ன ஏர் பம்பும்தான் காப்பாத்தும்.

இப்ப தண்ணி குறையுற கதைக்கு வாங்க. காலையில உங்க ஜன்னல் கண்ணாடியில சொட்டுச் சொட்டா வடியுதே, அது உங்க டேங்க் தண்ணிதான். சூடான தண்ணிக்கு மேல குளிர் காத்து பட்டா சும்மா ஆவியாப் பறக்கும். ஆனா பறக்கிறது வெறும் தண்ணி மட்டும், உப்பு அப்படியே உள்ளதான் கிடக்கு, அதுக்கு மேல நீங்க ரெண்டு நாளைக்கு ஒருக்கா இன்னும் உப்பு ஊத்துறீங்க! நாலு மாசமா! குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க, உப்புத் தண்ணி தண்ணி மாத்துற அன்னைக்குத்தான். உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் கடன் வாங்கியாவது பாருங்க, தண்ணியோட அடர்த்தி 1.025 பக்கம் இருக்கணும், 1.030 தாண்டியிருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதுக்காக ஒரே நாள்ல இறக்கிராதீங்க, கொஞ்சம் கொஞ்சமா ஒரு கிழமை எடுங்க.

கல்லுப்பு கறிக்கு சரி தம்பி, டேங்குக்கு ஆகாது. உப்பளத்துல கடல் தண்ணி வத்துறப்போ கல்சியத்துல பெரும்பங்கு முதல்லயே ஜிப்சமா அடியில படிஞ்சிரும், பிறகு சோத்து உப்பு விளையும், மக்னீசியம் கடைசியில மிஞ்சுற கசப்புத் தண்ணியோட போயிரும். நீங்க மூட்டையில வாங்குறது நடுவுல விளைஞ்சது மட்டும். நிஜக் கடல் தண்ணியில லீட்டருக்கு 400 மில்லிகிராம் கல்சியமும் 1,300 மில்லிகிராம் பக்கம் மக்னீசியமும் இருக்குது, அது கல்லுப்பக் கரைச்சா வராது. கடல் டேங்குக்குன்னே செஞ்ச ரீஃப் உப்புதான் வாங்கணும், விலை கொஞ்சம் உறைக்கும். பீலித் தண்ணி எடுக்கிறீங்கன்னா அந்த ஊத்துக்கு மேல தேயிலை மலை இருக்குதான்னு பாருங்க, யூரியா போட்ட மலையில மழை பேஞ்சா நைட்ரேட் நேரா பீலிக்குத்தான் வரும். ஆர்ஓ ஃபில்டர்ல வடிச்ச தண்ணி நல்லது.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. நுவரெலியா 1,868 மீட்டர், நீங்க அதுக்குக் கொஞ்சம் கீழ, இந்த உயரத்துல காத்தழுத்தம் கடற்கரையை விட கிட்டத்தட்ட ஐஞ்சுல ஒரு பங்கு கம்மி, அதனால தண்ணியில கரையுற ஒக்சிஜனும் அவ்வளவு கம்மி. குளிருக்கு கதவு ஜன்னல் எல்லாம் வேற பூட்டி வைக்கிறோம், அறையில கரியமில வாயு ஏறி தண்ணியோட பிஎச் இறங்கிரும், அதாவது தண்ணி அமிலப் பக்கம் சாயும். பகல்ல வெயில் வர்ற நேரம் ஜன்னலத் திறந்து விடுங்க, மேல் தண்ணி நல்லா அலையுற மாதிரி பம்பத் திருப்பி வைங்க.

வெளுக்கிறதுன்னா அது உடம்புக்குள்ள இருக்கிற பாசி வெளிய போகுதுன்னு அர்த்தம், சாப்பாட்டுல பெரும்பங்கு அந்தப் பாசிதான் செஞ்சு கொடுக்குது. இந்த நிலைமையில பெரிய லைட்டப் போட்டா வெயில்ல விழுந்தவனுக்கு இன்னும் வெயில் காட்டுற மாதிரி. இருக்கிற லைட்டே போதும். இறாலை பட்டாணி அளவு வெட்டி கிழமைக்கு ரெண்டு தரம் வாய்கிட்ட கொடுங்க, துப்பினா சின்னதாக்குங்க. அனிமோன்னா சீக்கிரம் செத்துரும்னு இல்ல, ஸ்கொட்லாந்துல 1828ல புடிச்ச ஒரு அனிமோன் கண்ணாடிச் சாடியிலயே 1887 வரைக்கும் இருந்துச்சு. அது குளிர்கடல் ஜாதி, பாசியும் வேணாம் லைட்டும் வேணாம், தண்ணி மாத்திக்கிட்டே இருந்தாங்க, அவ்வளவுதான்.

மருந்து போத்தல்ல காப்பர்னு (செம்பு) எழுதியிருந்தா டேங்க்ல ஒரு சொட்டும் வேணாம், முதுகெலும்பு இல்லாதது எல்லாத்துக்கும் அது விஷம். மீனை வேற தொட்டியில போட்டு வைத்தியம் பாருங்க. வேவ்மேக்கர், அதாவது அலை கிளப்புற பம்ப், அது தண்ணி இழுக்கிற வாயில இன்னைக்கே ஸ்பொஞ்ச் கட்டுங்க. நடக்கிற அனிமோன் கடைசியில அங்கதான் போகும். என்னோடது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி உள்ள போய் காலையில டேங்க் முழுக்க சளி மாதிரி மிதந்துச்சு, அந்த நாத்தம் சமையலறை வரைக்கும். ரெண்டு மீனும் போச்சு. வாய் தொங்கி, தொட்டா கரைஞ்சு, நாத்தம் வந்தா பாவம் பார்க்காம எடுத்துருங்க. சுருங்கியிருந்தாலும் கால் கல்லப் புடிச்சிருந்தா உயிர் இருக்குது, விட்டுருங்க.

க்ளவுன் மீன் போகலன்னு வருத்தப்படாதீங்க. கடையில கிடைக்கிற அந்த ஆரஞ்சு ஒசெல்லாரிஸ் கடல்ல பபிள் டிப்ல குடியிருக்கிறதே இல்ல, வேற ஜாதி அனிமோன்லதான். டேங்க்ல சிலது ஒரு நாள்ல போகும், சிலது வருசக்கணக்கா பம்பையே கட்டிப்புடிச்சிக்கிட்டு இருக்கும். அனிமோன் தேறுற வரைக்கும் அதுங்க போகாம இருக்கிறதே நல்லம், புரண்டு புரண்டு இம்சைதான் பண்ணும்.

அம்மா சொல்றது சரி, பல்லால கடிக்காது, ஆனா கொட்டும். விரல்ல பிசின் மாதிரி ஒட்டும், உள்ளங்கைத் தோல் தடிப்பு அதனால அவ்வளவு தெரியாது, முழங்கை உள்பக்கம் பட்டா எரியும். கை விடுறதுக்கு முந்தி சவர்க்காரம் போக நல்லா அலசுங்க, எடுத்த பிறகு கண்ணத் தொடாதீங்க.