வாங்கலாமா, வேண்டாமா? பால் கொடுக்கும் வீட்டுக் கேள்விகள்

போன மாதம், தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுக்கிற பம்ப் வாங்குவதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதம் முழுக்க. எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மனைவிக்கு ஏழாம் மாதம். இப்போதே நல்ல எலெக்ட்ரிக் பம்ப் ஒன்று வாங்கி வைக்கலாம் என்றிருக்கிறேன். எந்தக் கம்பெனி நல்லது? (வாசகர், கோவை)

பதில்: இப்போது வாங்காதீர்கள். குழந்தை பிறந்து, தேவைப்பட்டால், அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: ஆன்லைனில் 6,400 ரூபாய்க்கு பம்ப் வாங்கினேன். மூன்றாம் நாள் மோட்டார் நின்றுவிட்டது. 'உடம்பில் படுகிற பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். எடை குறைவாகப் பிறந்த குழந்தை, பீய்ச்சித்தான் கொடுக்கிறேன். நடுராத்திரியில் அழுகையாக வருகிறது. (வாசகி, நாமக்கல்)

பதில்: மனசு மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, பழுதானதைத் திருப்பிக் கொடுப்பது வேறு. முதலாவதை அவர்கள் மறுக்கலாம். இரண்டாவதை மறுக்க முடியாது. பழுதான பொருளை, அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளை, திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்றவர் மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. உடம்பில் படுகிற பொருளுக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை.

மோட்டார் ஓடாததை வீடியோ எடுங்கள். பில்லையும் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணையும் படம் எடுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்துவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

அதுவரை கையால் பீய்ச்ச ஒரு வழி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை ஐந்து நிமிடம் மார்பில் போடுங்கள். காம்பைப் பிடித்து இழுக்க வேண்டாம். கறுப்பு வட்டத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடம் சொட்டுத்தான் வரும். பிறகு பீறிடும்.

கேள்வி: பம்ப் போட்டால் உயிர் போகிற வலி. காம்பு வெடித்துவிட்டது. 20 மில்லிகூட வரவில்லை. பம்ப் சரியில்லையா, எனக்குப் பாலே இல்லையா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: மூத்தவள் பிறந்த மூன்றாம் வாரம், ராத்திரி இரண்டு மணிக்கு, அழுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு 8,000 ரூபாய்க்கு ஒரு பம்ப் வாங்கினேன். பெட்டியில் வந்த, மார்பில் வைக்கிற புனலின் குழாய் 24 மில்லிமீட்டர் அகலம். எனக்கு அது பெரிது. கறுப்பு வட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டது. எடுத்துப் பார்த்தால் புனல் விளிம்பு பதிந்து சிவப்பாக ஒரு வளையம், பாலில் மெல்லிய ரத்தக் கோடு. எனக்குப் பாலே இல்லை என்று ஐந்து வாரம் நம்பினேன். தெருவில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா, என் தம்பியின் ஸ்கேலை வாங்கிக் காம்பை அளந்து பார்த்து, 'உனக்கு இது பதினாறுதான் இருக்கு கண்ணு' என்றார். அன்றைக்குத்தான் புனலுக்கு அளவு உண்டு என்பதே எனக்குத் தெரியும். விற்றவர் அதைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை.

நீங்களும் காம்பின் அகலத்தை அளந்து பாருங்கள். புனலின் குழாய் அதைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். காம்பு மட்டும் தடையில்லாமல் முன்னும் பின்னும் போய் வர வேண்டும். சிறிய புனல் தனியாகவும் கிடைக்கிறது. பம்பில் வருகிற பாலை வைத்து உங்களை எடை போடாதீர்கள், குழந்தை உறிஞ்சுகிற அளவுக்குப் பல பேருக்குப் பம்ப் எடுக்காது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். காய்ச்சலோடு மார்பில் ஒரு பக்கம் சிவந்து கல்லாகிவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்து 'பால் பெருக்கும் லட்டு' மூன்று டப்பா வாங்கினேன், 2,700 ரூபாய். ஜிபேயில் பணம் போட்டேன். பில் இல்லை. ஒரு டப்பாவில் பூஞ்சை. கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்கள். (வாசகி, சேலம்)

பதில்: பில் கேட்கவில்லை, உரிம எண் பார்க்கவில்லை, முகவரி தெரியாது. முதல் தடவையே மூன்று டப்பா. பச்சை உடம்புக்காரி சாப்பிடுகிற பொருளை இப்படியா வாங்குவது? பாக்கெட்டில் வருகிற எந்தத் தின்பண்டத்திலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடாதீர்கள் என்று பல தடவை எழுதியாகிவிட்டது. ஸ்கிரீன்ஷாட்களை வைத்து 1930-ல் சைபர் குற்றப் புகார் கொடுங்கள், 1915-லும் சொல்லுங்கள்.

பால் ஊறுவது குழந்தை உறிஞ்சுவதால். ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுங்கள். பூண்டும் முருங்கைக்கீரையும் பிடித்தால் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். அதற்கு 2,700 ரூபாய் ஆகாது.

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரியில் சிசேரியன். இரண்டாம் நாளே 'பால் ஊறலை' என்று பவுடர் கொடுத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் கம்பெனி பெயரைப் போட்டு, கீழே இருக்கும் மெடிக்கலிலேயே வாங்கச் சொன்னார்கள். ஒரு டப்பா வாங்கினால் தள்ளுபடி என்றார்கள். இப்போது குழந்தை மார்பைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. செலவும் தாங்கவில்லை. (வாசகி, விழுப்புரம்)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. ஊர் பெயர் மட்டும் மாறி, இதே கடிதம் எனக்கு வருடா வருடம் வருகிறது.

இரண்டாம் நாள் வருவது சீம்பால். சில ஸ்பூன்தான் இருக்கும், குழந்தையின் வயிற்றுக்கு அதுவே போதும். மார்பு கனத்துப் பால் இறங்குவது பெரும்பாலும் மூன்றாம் நான்காம் நாள். சிசேரியன் என்றால் இன்னும் சற்றுத் தள்ளிப் போகலாம். அந்த இரண்டாம் நாளில் உங்கள் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, குழந்தையின் வாய் அகலமாகத் திறந்து வட்டத்தையும் சேர்த்துக் கவ்வுகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளுக்குப் பதிலாக டப்பா வந்தது. பவுடரில் வயிறு நிறைந்த குழந்தை உறிஞ்சாது. உறிஞ்சாத மார்பில் ஊறாது. ஊறவில்லை என்று அடுத்த டப்பா.

இதைத் தடுக்கத்தான் 1992-ல் ஒரு சட்டமே வந்தது, 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயது வரைக்குமான பால் பவுடர், குழந்தை உணவு, பால் பாட்டில் எதற்கும் விளம்பரம் கூடாது. இலவச சாம்பிள், தள்ளுபடி, பரிசு கூடாது. விற்பனைக்காக டாக்டருக்கோ நர்ஸுக்கோ கமிஷன் கூடாது. ஆஸ்பத்திரியில் போஸ்டர் ஒட்டக்கூடாது. டப்பாவில் குழந்தை படமோ தாய் படமோ இருக்கக் கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் இருந்தாக வேண்டும். மீறினால் மூன்று வருடம் வரை சிறை. உங்களுக்குச் சொன்ன தள்ளுபடி சட்ட விரோதம். சீட்டையும் பில்லையும் பத்திரமாக வைத்து, மாவட்ட சுகாதார அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்க அரசே அதிகாரம் கொடுத்த அமைப்பு ஒன்று டெல்லியில் இருக்கிறது, பி.பி.என்.ஐ. (Breastfeeding Promotion Network of India) என்பார்கள். அவர்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

பவுடர் தேவைப்படுகிற குழந்தைகள் உண்டு, தாய்மார்களும் உண்டு. அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என் சண்டை தேவையில்லாதவர் தலையில் கட்டுகிறவர்களோடு மட்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: பவுடரைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். செலவை நினைத்துத் தண்ணீரைக் கூட்டவும் வேண்டாம், அது ஆபத்து. டப்பாவில் சொன்ன அளவு மாறக்கூடாது. குழந்தையைத் துணியில்லாமல் உங்கள் நெஞ்சோடு போட்டுக்கொள்ளுங்கள். பசி முற்றி அழும் முன்பு, அரைத் தூக்கத்தில், முதலில் மார்பைக் கொடுங்கள். மீதிக்குப் பவுடர், அதையும் பாட்டிலில் வேண்டாம், பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுங்கள். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குப் போய், பால் கொடுக்கச் சொல்லித் தருகிறவர் யார் என்று கேளுங்கள். பல பேர் இப்படி மீண்டு வந்திருக்கிறார்கள்.

கேள்வி: தாய்ப்பால் பாட்டிலில் விற்கிறார்களாமே, வாங்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: கூடாது. தாய்ப்பாலை விற்க அனுமதி இல்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் அறிவித்தது. அதை ஒட்டி மாதவரத்தில் ஒரு கடைக்குச் சீலும் வைத்தார்கள். எடை குறைந்த, நோயுற்ற குழந்தைகளுக்காக எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. அங்கே பரிசோதித்து, பதப்படுத்திக் கொடுப்பார்கள். விலை கிடையாது.

கேள்வி: வேலைக்குத் திரும்புகிறேன். பீய்ச்சின பாலுக்கு 3,500 ரூபாய் கூலர் பை தேவையா? (வாசகி, ஓசூர்)

பதில்: ஆபீஸில் ஃபிரிட்ஜ் இருந்தால் தேவையில்லை. வெளியே நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜின் உள்பக்கம் நான்கு நாள் தாங்கும். நம் ஊர் வெயிலில் அந்த நான்கு மணியை நம்பாமல் சீக்கிரம் உள்ளே வையுங்கள். வீட்டுக்கு வரும்வரை ஐஸ் பேக் போட்ட சாதாரணப் பை போதும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உங்கள் உரிமை. எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மருமகளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப் புட்டு செய்யப் பால் சுறா வாங்கினேன். துண்டு போட்டது, கிலோ விலையும் அதிகம். பால் சுறா இல்லை என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. (வாசகி, தூத்துக்குடி)

பதில்: துண்டு போட்ட பிறகு யாராலும் சொல்ல முடியாது. பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், பால் கொடுப்பவளுக்கு அது வேண்டாம். சின்னதாக, முழு மீனாக, கண் முன்னால் வெட்டச் சொல்லி வாங்குங்கள், அதையும் எப்போதாவது. மருமகளுக்குப் பிடிக்காவிட்டால் நெத்திலிக் குழம்பு வைத்துக் கொடுங்கள் அம்மா.

கேள்வி: பீய்ச்சின பாலைக் கொடுக்க எந்த பாட்டில் நல்லது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பாலாடை. பிளாஸ்டிக் பாட்டில்தான் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 14625 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பாட்டிலின் மூலை, ரப்பர், வளையம் எல்லாவற்றையும் தேய்த்துக் கொதிக்க வைத்து மாளாது. பாலாடை ஒரே துண்டு எவர்சில்வர், கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் ஆயிற்று. பாத்திரக் கடையில் கேளுங்கள். வாங்கும்போது மூக்கு நுனியில் விரலை ஓட்டிப் பாருங்கள், கீறினால் வேறொன்று எடுக்கச் சொல்லுங்கள்.