டி·யூ(டி−2)இன் லாப்லாஸ் உருமாற்றம் ஏன் ஈ^(−2எஸ்)/எஸ்² இல்லை?

டர்பனில் மின்பொறியியல் படிக்கும் தம்பி, ஈ^(−2எஸ்)/எஸ்² என்ற விடைக்கு நீங்கள் பயன்படுத்திய காலப்பெயர்ச்சி விதி (2 விநாடி தாமதமான சார்புக்கு, உருமாற்றத்தை ஈ^(−2எஸ்)ஆல் பெருக்கும் விதி) எஃப்(டி−2)·யூ(டி−2) என்ற வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும். யூ(டி−2) என்பது 2 விநாடி வரை 0, பிறகு 1 ஆகும் படிச்சார்பு. உங்கள் சார்பில் இருப்பது வெறும் டி. அதை (டி−2)+2 என்று பிரியுங்கள். டியின் உருமாற்றம் 1/எஸ்², மாறிலி 2இன் உருமாற்றம் 2/எஸ். ஆகவே விடை ஈ^(−2எஸ்)·(1/எஸ்² + 2/எஸ்).

சார்பை மின்னழுத்தமாக வரைந்து பார்த்தால் பிழை பிடிபடும்: 2ஆம் விநாடியில் மின்னழுத்தம் 0இலிருந்து 2 வோல்ட்டுக்குத் தாவுகிறது. அந்தத் தாவல்தான் 2/எஸ். உங்கள் விடையில் தாவலே இல்லை.

மின்வெட்டு முடிந்து 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் திரும்பும் கணக்கு இன்னும் ஏமாற்றும். சைன்(100பை·டி)க்கு 2 விநாடி என்பது சரியாக 100 சுற்று. பிரிக்காமல் போட்டாலும் விடை தற்செயலாகச் சரியாகிவிடும். தாமதம் 2.005 விநாடி என்றால் கால் சுற்று கூடும், சைன் கொசைனாகும்: ஈ^(−2.005எஸ்)·எஸ்/(எஸ்²+(100பை)²).