கடற்போர்க் கட்டுரைப் போட்டி: கேள்வி பதில்

கடற்போர் வரலாறு குறித்துக் கொழும்பில் நடைபெறவுள்ள கட்டுரைப் போட்டிக்கு எழுதுவோரின் வினாக்களுக்கு வரலாற்று ஆசிரியர் ஒருவர் அளித்த விடைகள். போட்டியின் கால எல்லை 1948 வரை.

வெள்ளவத்தை மாணவி: சேர், இராசேந்திர சோழன் கடாரத்துக்கு (இன்றைய மலேசியாவின் கெடா) எத்தனை கப்பல்களை அனுப்பினான்?

பதில்: எண்ணிக்கை சொல்லும் சமகாலச் சான்று இல்லை. 1025ஆம் ஆண்டளவில் நடந்த அப்படையெடுப்பை அவனது மெய்க்கீர்த்தி (கல்வெட்டிலுள்ள அரசப் புகழுரை) ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று மட்டுமே கூறுகிறது. புகழுரையிலிருந்து கணக்கு எடுக்காதீர்கள். நாகப்பட்டினத்தில், கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிசய அரசன் எழுப்பிய விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்திருக்க, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அந்நட்பு ஏன் பகையாயிற்று என்று ஆராயுங்கள்.

கொட்டாஞ்சேனை மாணவர்: எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பல் கொழும்பைத் தாக்கியதா?

பதில்: இல்லை. 1914 செப்டெம்பர் 22இல் அது குண்டு வீசியது சென்னை மீது.

தெஹிவளை வாசகர்: 1942இல் ஜப்பானியத் தாக்குதலிலிருந்து கொழும்பைக் காத்தவர் கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் என்று எழுதலாமா?

பதில்: கொக்கலையிலிருந்து பறந்த அவர் ஏப்ரல் 4இல் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியதாலேயே கப்பல்கள் பல துறைமுகத்தை விட்டு வெளியேறின. ஆனால் பிரித்தானிய அட்மிரல் சமர்வில் தமது முதன்மைக் கப்பல் தொகுதியை முன்னரே மாலைதீவின் அட்டுவுக்குக் கொண்டுசென்றிருந்தார். ஆகவே ‘காத்தவர்’ என்பது மிகை.

தெஹிவளை வாசகர்: உலகம் அவரை ‘இலங்கையின் மீட்பர்’ என்கிறதே! அவருடைய துணிவைக் குறைத்துப் பேசுகிறீர்கள்.

பதில்: சுட்டு வீழ்த்தப்பட்டு, போர் முடியும்வரை ஜப்பானியரின் கைதியாயிருந்தவரின் துணிவை நான் மறுக்கவே இல்லை, எச்சரிக்கையின் விளைவையே வினவுகிறேன். அதைக் கேட்டுக் கொழும்பை விட்டுப் புறப்பட்ட கோர்ன்வோல், டோர்செற்ஷயர் என்னும் இரு குறூசர் வகைப் போர்க்கப்பல்களும் மறுநாள் திறந்த கடலில் மூழ்கடிக்கப்பட, 424 பேர் மாண்டனர். அவ்வாறே திருகோணமலையிலிருந்து வெளியேற்றப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், தன்னிடம் ஒரு சண்டை விமானமும் இன்றி, ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் அழிந்தது. விமானக் காவல் இல்லாத கடலில் துறைமுகத்தை விட்டு விலகுவது மட்டும் பாதுகாப்பாகாது.

வத்தளை வாசகர்: எச்சரிக்கை இல்லாவிடில் கொழும்பு இன்னொரு பேர்ள் ஹாபர் ஆகியிருக்கும்.

பதில்: ஜப்பானியர் தாக்கிய அமெரிக்கத் தளமான பேர்ள் ஹாபரில் போர்க்கப்பல் தொகுதியே நங்கூரமிட்டிருந்தது, இங்கு அது இல்லை. வணிகக் கப்பல்கள் மேலும் பல அழிந்திருக்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால் எச்சரிக்கை கிடைத்த பின்பும், தாக்குதல் விமானங்கள் வந்து சேர்ந்த வேளையில் இரத்மலானை விமானத்தளத்தின் சண்டை விமானங்கள் தரையிலேயே நின்றன. அந்த இடைவெளியை விளக்குபவருக்கே நான் அதிக புள்ளி வழங்குவேன்.

மருதானை மாணவர்: சோழர் கப்பல்களின் எண்ணிக்கை?

பதில்: முதல் விடையைப் படியுங்கள்.

பம்பலப்பிட்டி மாணவி: அண்மைக்கால உள்நாட்டுப் போரின் கடற்சமர்களை எழுதலாமா?

பதில்: கால எல்லைக்கு வெளியே உள்ளன.

கிராண்ட்பாஸ் மாணவர்: சோழர் கடற்படை ஆயிரம் கப்பல் கொண்டதென்று ஒரு புதினத்தில் படித்தேன்.

பதில்: புதினம் சான்றாகாது. மூன்றாவது முறையாக இதே எண்ணிக்கையைக் கேட்கிறீர்கள்; கல்வெட்டையும் செப்பேட்டையும் படித்த பின் வாருங்கள்.